பதக்கத்தின் ஓரத்தில் ஒரு பெயர்



நம் ஊர்ப்பக்கம் ஒரு வீட்டைக் காட்டி, "அது பட்டாளத்தார் வீடு" என்பார்கள். பட்டாளத்துக்குப் போனவர் எப்போதோ மறைந்திருப்பார். எங்கே போனார் என்று கேட்டால், "பஸ்ராவுக்குப் போனாராம்" என்பார்கள். பேச்சு அதோடு நின்றுவிடும்.

பஸ்ரா இன்றைய இராக்கில் இருக்கிறது. முதல் உலகப் போரில் அந்தப் பகுதியில் துருக்கியப் படையோடு நடந்த சண்டைக்கு அதுதான் துறைமுக வாசல். நம் பக்கத்து ஆட்கள் பலர் அங்கே போய் இறங்கினார்கள். அவர்களில் மதராஸ் சாப்பர்களும் உண்டு. ஆற்றுக்குப் பாலம் போடுவது, பாதை வெட்டுவது, கண்ணிவெடி எடுப்பது எல்லாம் சாப்பர்களின் வேலை. இராணுவத்தில் இவர்களுக்கு இன்றுவரை 'தம்பி' என்றுதான் பெயர்.

பஸ்ரா நினைவுச் சின்னம் என்று ஒன்று இருக்கிறது. கல்லறை தெரியாமல் போன 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்காக 1929-இல் திறந்தார்கள். பிரிட்டிஷ் சிப்பாய் என்றால் கடைசிப் படியில் இருந்தவனுக்கும் அதில் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்க்கு இல்லை. படைப்பிரிவின் பெயரைப் போட்டு, பக்கத்தில் இத்தனை பேர் என்று ஓர் எண்ணைச் செதுக்கிவிட்டார்கள். அந்த எண்ணுக்குள் யாருடைய மகன் இருக்கிறான் என்று எந்தத் தாய்க்குத் தெரியும்?

போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் ஆணையமே 2021-இல் இதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஆசியா, ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேர் பெயரில்லாமலோ, நினைவுச் சின்னமே இல்லாமலோ விடுபட்டதாக அதன் அறிக்கை சொல்கிறது. நூறு வருஷம் கழித்து வந்த மன்னிப்பு!

பெயர் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒருவரைச் சொல்கிறேன். சுபேதார் சுப்பிரமணியன். காஞ்சிபுரம் பக்கம் கீழ்ஒட்டிவாக்கம் கிராமத்துக்காரர், மதராஸ் சாப்பர். இரண்டாம் உலகப் போர் நேரம். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற இடம். கண்ணிவெடி தேடிக்கொண்டே முன்னால் போகிறார். பின்னால் வந்த வீரர் ஒருவரின் கால் வெடி மீது பட்டுவிடுகிறது. அது உடனே வெடிக்கிற வகை இல்லை. நான்கு நொடி இடைவெளி உண்டு. ஓடித் தப்பலாம். ஆனால் சுற்றிலும் கூட வந்தவர்கள் நிற்கிறார்கள். சுப்பிரமணியன் திரும்பிப் பாய்ந்து அதன்மேல் விழுந்தார். அவர் உயிர் போனது, மற்றவர்கள் பிழைத்தார்கள். இறந்தபின் ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தார்கள். பெயரும் ஊரும் தெரிந்ததால்தான் இன்று இதை உங்களிடம் சொல்ல முடிகிறது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெயர் கிடைக்கலாம். முதல் உலகப் போருக்குச் சிப்பாய்களுக்குத் தந்த பதக்கம் வெள்ளியில் செய்தது. கஷ்ட காலத்தில் உருக்கப்பட்டவை போக மிச்சம், பழைய டிரங்குப் பெட்டிகளின் அடியில் கிடக்கும். முகப்பில் அரசரின் தலைதான் இருக்கும். அதை விடுங்கள். துணியால் துடைத்து, விளிம்பை வெளிச்சத்தில் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பட்டாள எண், பதவி, படைப்பிரிவு எல்லாம் அந்த ஓரத்தில் பொறித்திருக்கும். அவற்றோடு உங்கள் பாட்டனாரின் பெயரும் இருக்கும்.