வாயிலாக நிற்கும் குழந்தை



அகநானூற்றின் 66ஆம் பாடல் ஒரு தெருக்காட்சி. பரத்தையை மணக்கத் தேரேறிச் செல்லும் தலைவன், தெருவில் ஓடிவந்த தன் புதல்வனைக் காண்கிறான். தேரை நிறுத்தி, இறங்கித் தழுவுகிறான். வீட்டுக்குப் போ என்றால் சிறுவன் அழுகிறான். வேறு வழியின்றி அவனோடு தானும் இல்லம் புகுகிறான். ஊடல் தீர்க்கும் வாயில்களுள் புதல்வனும் ஒருவன் என்பது மருதத்திணை மரபு. செல்லூர்க் கோசிகன் கண்ணனார் இதனைத் தலைவியின் கூற்றாக அமைத்துள்ளார். அழுத சிறுவன் எதற்கு அஞ்சினான் என்பதை அவன் வாய்மொழியாகக் கேட்க அங்கு இடமில்லை.

இம்மரபின் திரைவடிவமே ஏவி.எம். நிறுவனத்தின் ‘குழந்தையும் தெய்வமும்’ (1965) எனலாம். கிருஷ்ணன் - பஞ்சு இயக்கிய இப்படத்தில் இரட்டைச் சிறுமியர் இருவராகவும் குட்டி பத்மினி நடித்தார். ஒருத்தி தந்தையிடம், மற்றவள் தாயிடம்; இடம் மாறிப் புகுந்து பெற்றோரை இணைக்கின்றனர். எரிக் கெஸ்ட்னரின் 1949ஆம் ஆண்டு ஜெர்மன் நாவல், 1961இல் வந்த ஆங்கிலப்படம் வழியாகத் தமிழுக்கு வந்த கதை இது. அயல்நிலக் கரு இத்துணை இயல்பாக ஒட்டிக்கொண்டதற்கு வாயில் மரபும் ஒரு காரணமாதல் கூடும். அச்சிறுமியின் நடிப்பு இன்றும் சலிப்பதில்லை. ஆயினும் பெற்றோர் சேராவிடில் அவர்கள் நிலை என்ன என்னும் வினா அங்கு எழவேயில்லை.

அவ்வினாவை இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே எழுப்பியவர் இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிகா. ‘குழந்தைகள் நம்மைப் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள்’ எனும் தலைப்பே ஓர் எச்சரிக்கை. சிறுவன் பிரிக்கோ பூங்காவில் பொம்மலாட்டம் பார்க்கிறான்; அவ்வேளையில் தாய் தன் காதலனைச் சந்திக்கிறாள். பின்னர் அவள் வீட்டை விட்டுப் போகிறாள். சிறுவன் ஓர் உறவினர் வீட்டிலிருந்து மற்றொரு வீட்டிற்கு ஒரு மூட்டை போலக் கைமாறுகிறான். அவன் நோயுற்றபோது தாய் திரும்பி வருகிறாள். மரபுப்படி கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். டி சிகா முடிக்கவில்லை. அவள் மீண்டும் பிரிகிறாள். மகனை விடுதிப் பள்ளியில் சேர்த்த தந்தை தற்கொலை செய்துகொள்கிறான். கறுப்புடையில் காண வந்த தாயிடம் மகன் செல்வதில்லை. முதுகைத் திருப்பி, அப்பெரிய கூடத்தில் நடந்து போகிறான். வாயில் அடைபட்டுவிட்டது.

அமெரிக்காவின் ‘கிராமர் வெர்சஸ் கிராமர்’ (1979) பெரிதும் புகழப்பட்டது. எனினும் அது தந்தை ஒருவன் தந்தையாகக் கற்றுக்கொள்ளும் கதையே. மகன் அதற்கு அளவுகோல்.

ஈரானின் அஸ்கர் ஃபர்ஹாதி 2011இல் எடுத்த ‘ஒரு பிரிவு’ இன்னும் நுண்ணியது. 11 வயது தெர்மே, தந்தையைக் காக்க நீதிபதியிடம் பொய் சொல்கிறாள். பெற்றோர் அவளை அடித்ததில்லை, இருவரும் நேசிப்பவர்களே. அந்நேசத்திற்கு அவள் செலுத்தும் விலை அப்பொய். இறுதியில், யாருடன் வாழ விருப்பம் என நீதிபதி கேட்கிறார். முடிவு செய்துவிட்டதாகக் கூறுகிறாள். பெற்றோர் எதிரில் சொல்ல மாட்டாமல் தயங்குகிறாள். அவர்களை வெளியே அனுப்புகின்றனர். கூடத்தில் தாயும் தந்தையும் எதிரெதிரே காத்திருக்கின்றனர், இடையில் கண்ணாடித் தடுப்பு. படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியும் கதவு திறக்கவில்லை.