குறிப்பேடும் கட்டுரையும்



கட்டுரை எழுதுவது எப்படி என்று என்னிடம் கேட்கும் இளைஞர்கள் பலர். அவர்களுள் பெரும்பாலோர் அடுத்துக் கேட்கும் கேள்வி, எந்த நிரலில் எழுதலாம் என்பது. முதற் கேள்விக்கு விடை கூறுதல் அரிது, இரண்டாவதற்கு எளிது. உங்கள் கணிப்பொறியிலோ கைப்பேசியிலோ முன்னரே இருக்கின்ற குறிப்பேட்டு நிரலும் ஒரு சொற்செயலியும் போதும். விலை கொடுத்து வேறொன்று வாங்க வேண்டுவதில்லை. ஆயினும், இவ்விரண்டையும் எவ்வாறு கையாளுவது என்பதை நான் ஓர் இழப்பின் வழியாகவே கற்றுக்கொண்டேன். அதனைச் சொல்லித் தொடங்குகின்றேன்.

பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஊர் ஏரியைப் பற்றிக் கேட்டறிவதற்காக என் அத்தையார் வீட்டுத் திண்ணையில் இரண்டு நாள் அமர்ந்திருந்தேன். மடை திறக்கும் முறை, எவர் வயலுக்கு எப்பொழுது நீர் பாயும் என்ற வரிசை, நீர்க்கட்டிக்கு அறுவடையில் அளக்கும் நெல், கரை உடைந்த ஆண்டில் ஊரே திரண்டு மண் சுமந்த கதை ஆகிய எல்லாவற்றையும் அவர் பொறுமையாகச் சொன்னார். நான் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் முதன்மையான சொற்களை மட்டும் குறித்துக்கொண்டேன். இரவில் அவற்றைக் கணிப்பொறியின் குறிப்பேட்டு நிரலில் விரிவாகத் தட்டச்சுச் செய்தேன். அதனைச் சேமிக்கும்போது திரையில் ஓர் எச்சரிக்கை தோன்றியது. உறக்கக் கலக்கத்தில் அதைப் படியாமலே ‘சரி’ என்பதை அழுத்திவிட்டேன். சில மாதங்கள் கழித்துக் கோப்பைத் திறந்தேன். தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. வரிவரியாகக் கேள்விக்குறிகளே நின்றன! மீண்டும் கேட்டு எழுதலாம் என்றால், அதற்குள் அத்தையார் காலமாகிவிட்டார்.

இஃது எவ்வாறு நிகழ்ந்தது? கணிப்பொறி எழுத்தை எழுத்தாக அறியாது, எண்ணாகவே அறியும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வகுக்கும் யூனிகோடு தரத்தின் முதற்பதிப்பு 1991-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. ‘தமிழ்’ என்னும் சொல் நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. யூனிகோடு முறையிலோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். யூடிஎஃப்-8 என்ற வகையில் சேமித்தால் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டு வீதம் அச்சொல் 15 பைட்டு இடம் கொள்ளும்.

இதற்கு முற்பட்ட முறையில் ஓர் எழுத்துக்கு ஒரே பைட்டுத்தான். ஒரு பைட்டில் 256 எண்களுக்கு மேல் அடங்கா. ஐரோப்பிய மொழிகளுக்காக அமைந்த அத்தகைய பட்டியலில் தமிழுக்கு இடமில்லை. நான் அறியாமல் தேர்ந்தது அந்தப் பழைய முறையை. இடமில்லாத ஒவ்வொரு குறிக்கும் பதிலாக நிரல் ஒரு கேள்விக்குறியை வைத்துவிட்டது. எச்சரிக்கை கூறியதும் அதையே. கேள்விக்குறியாக மாறிச் சேமிக்கப்பட்ட எழுத்தை மீட்க வழியில்லை. பிழை என்னுடையது. இன்றைய நிரல்களில் யூடிஎஃப்-8 முறையே பெரும்பாலும் இயல்பாக அமைந்திருக்கின்றது. ஆயினும், சேமித்த கோப்பை ஒருமுறை மூடித் திறந்து பார்க்கும் வழக்கத்தை நான் அன்றுமுதல் கைவிட்டதில்லை.

என்னை ஓரளவு காத்தது அந்த நோட்டுப் புத்தகம். அதிலிருந்த சொற்களைக் கொண்டு அத்தையார் கூறியவற்றில் ஏறக்குறையப் பாதியை நினைவிலிருந்து மீட்டேன். மற்றப் பாதி போயிற்று.

நம் முன்னோர் இந்த அச்சத்தை நன்கு அறிந்திருந்தனர். ஓலைச் சுவடி பூச்சிக்கும் ஈரத்துக்கும் இரையாகும். ஆதலின் காலந்தோறும் படியெடுத்து வைத்தனர். படியெடுக்கப்படாத நூல்கள் பல மறைந்தன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று சுவடிகளைத் தேடினார். கிடைத்த படிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். ஓலையில் புள்ளியிடாமல் எழுதும் வழக்கம் இருந்தமையால், மெய்யா உயிர்மெய்யா என்று தெளிவதற்கே பெரும்புலமை வேண்டியிருந்தது. ஒரு படி பிழைபட்ட இடத்தில் மற்றொரு படி உதவியது. நம் கோப்பும் ஓலை போன்றதே. ஒரே இடத்தில் மட்டும் இருக்கும் எழுத்தைப் பாதுகாப்பானது என்று கருதாதீர்கள்.

இனி, இருவகை நிரல்களின் வேறுபாட்டைக் காண்போம். குறிப்பேட்டு நிரலில் எளிய உரைக்கோப்பாகச் சேமித்தால் அதில் எழுத்துகளின் எண்கள் மட்டுமே இருக்கும். அதனால் அக்கோப்பு சிறியது. எந்தக் கருவியிலும் திறக்கும். சொற்செயலியின் கோப்பு அவ்வாறன்று. இக்காலத்தில் பெரிதும் வழங்கும் ‘டாக்எக்ஸ்’ வகைக் கோப்பு, உண்மையில் பல சிறு கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு மூட்டை. உரை ஒன்றில், எழுத்தின் அளவும் தலைப்பின் அமைப்பும் வேறொன்றில், படங்கள் பிறிதோரிடத்தில் என அவை அடங்கியிருக்கும். சொற்செயலியிலிருந்து ஒரு பத்தியை எடுத்து வேறிடத்தில் ஒட்டினால் சில வேளை எழுத்தின் உருவும் அளவும் தாறுமாறாவது இதனால்தான். முதலில் உரையைக் குறிப்பேட்டு நிரலில் ஒட்டி, அங்கிருந்து எடுத்தால் அந்தச் சுமை நீங்கிவிடும்.

சொற்செயலி நமக்குச் செய்த நன்மை பெரிது. தட்டச்சுப் பொறியில் ஒரு பத்தியை இடம் மாற்ற வேண்டுமானால் பக்கம் முழுவதையும் மீண்டும் அடிக்க வேண்டும். 1978-இல் வேர்ட்ஸ்டாரும், 1983-இல் மைக்ரோசாஃப்ட் வேர்டும் வெளிவந்தன. இத்தகைய நிரல்களால் அந்த உழைப்பு ஒழிந்தது. ஆனால் ஒரு தீங்கும் உடன்வந்தது. முதல் வரியை எழுதும்போதே அது அச்சிட்ட நூல்போல் அழகாகத் தோன்றுகின்றது. அரைகுறையான எண்ணமும் முதிர்ந்த கருத்தைப்போல் காட்சி தருகின்றது. எழுதுபவன் எழுத்துருவைத் தேர்வதில் ஒரு மணி நேரத்தைக் கழித்துவிட்டுக் கட்டுரை எழுதியதாக மகிழ்கின்றான்.

ஆகையால் நான் பின்பற்றும் முறை இது. கண்டதையும் கேட்டதையும் அன்றே குறிப்பேட்டு நிரலில் எழுதுவேன். யார் சொன்னது, எங்கே, எந்த நாளில் என்பதையும் சேர்த்துக்கொள்வேன். பிறர் நூலிலிருந்து எடுத்த வரியை மேற்கோள் குறிக்குள் இட்டு, நூலின் பெயரையும் பக்க எண்ணையும் அங்கேயே எழுதுவேன். இதைச் செய்யாதவர்கள், நாளடைவில் எது தம் சொல், எது பிறர் சொல் என்று அறியாமல் தாமே களவுக்கு ஆளாவர். குறிப்புகள் சேர்ந்தபின் கட்டுரையின் முதல் வடிவத்தையும் அங்கேயே முடிப்பேன். அதன் பிறகே சொற்செயலிக்குச் செல்வேன்.

அங்கே செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, தலைப்பு, உட்தலைப்பு ஆகியவற்றை அதற்குரிய அமைப்பில் இட்டு, கட்டுரையின் எலும்புக்கூட்டைத் தனியே நோக்குதல். எந்தப் பத்தி இடம் தவறி நிற்கின்றது என்பது அப்பொழுது விளங்கும். இரண்டாவது, தேடும் வசதியைக் கொண்டு நாம் அடிக்கடி எழுதும் சொல்லைத் தேடுதல். ‘மிகவும்’ என்னும் சொல்லை நான் ஒரு கட்டுரையில் தேடினேன். பதினேழு இடங்களில் இருந்தது. இரண்டு இடங்களைத் தவிர எங்கும் அது வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது, எழுத்தைப் பெரிதாக்கியோ தாளில் அச்சிட்டோ வாய்விட்டுப் படித்தல். கண் தாவிச் செல்லும் பிழையைச் செவி விடுவதில்லை.

இன்று வாக்கியங்களையே எழுதித் தரும் நிரல்களும் வந்துவிட்டன. ஏரியைப் பற்றிக் கேட்டால் அவை நொடிப்பொழுதில் ஒரு பக்கம் எழுதித் தரும். ஆனால் என் அத்தையார் திண்ணையில் இருந்து சொன்னதை அவை எழுதித் தர இயலாது. அது வேறெங்கும் எழுதப்படவில்லை. உங்கள் ஊரிலும் உங்கள் வீட்டிலும் அத்தகைய முதியோர் இருப்பார்கள். இன்று மாலை அவர்களிடம் அமர்ந்து ஒன்றைக் கேளுங்கள். கேட்டதை இரவே எழுதுங்கள். சேமித்த கோப்பை ஒருமுறை திறந்து பாருங்கள். அதன் படி ஒன்றை வேறோரிடத்தில் வைத்துவிட்டு உறங்கச் செல்லுங்கள்.