தோரட்டைப் பாராட்ட இரண்டு அலமாரியையும் திறக்க வேண்டும்

(வேளாண் பொருளாதார ஆய்வு மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாழ்நாள் முழுக்க ஆய்வில் உழைத்த ஒருவரைப் பாராட்டு என்றால் நாம் உடனே பட்டியல் போடுவோம். பேராசிரியர் சுகதேவ் தோரட்டின் பட்டியலும் நீளமானதுதான். அமராவதி மாவட்டத்துக் கிராமம், அம்பேத்கர் உருவாக்கிய மிலிந்த் கல்லூரி, ஜே.என்.யூ.வில் ஆசிரியர் பணி, 2006 முதல் 2011 வரை யுஜிசி தலைவர், 2008-இல் பத்மஸ்ரீ. இவ்வளவும் சொல்லி ஒரு சால்வையும் போட்டால் கூட்டம் நல்லபடியாக முடிந்துவிடும். எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது, அதைச் சொல்கிறேன். நம் துறை இந்த மனிதரை இரண்டு அலமாரியில் பிரித்து வைத்திருக்கிறது.

முதல் அலமாரியில் ஷெங்கன் ஃபான், பீட்டர் ஹேசல் ஆகியோரோடு அவர் செய்த ஆய்வு. அரசு கிராமத்தில் செலவழிக்கும் பணத்தில் எது வறுமையை அதிகம் குறைக்கிறது? 1970 முதல் 1993 வரையான மாநிலத் தரவுகளை வைத்துக் கணக்கிட்டார்கள். கிராமச் சாலையும் வேளாண் ஆராய்ச்சியும் முன்னுக்கு வந்தன. பாசனச் செலவு உற்பத்திக்கு உதவிய அளவுக்கு வறுமையைக் குறைக்கவில்லை. இதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம்.

இரண்டாவது அலமாரிக்கு 'தலித் ஆய்வுகள்' என்று பெயர். கன்ஷ்யாம் ஷா, ஹர்ஷ் மந்தர் முதலானவர்களோடு அவர் சேர்ந்து எழுதி 2006-இல் வந்த, கிராமப்புறத் தீண்டாமை பற்றிய நூல் அங்கே இருக்கிறது. 11 மாநிலங்கள், 565 ஊர்கள். பால் கூட்டுறவுச் சங்கம் இருந்த ஊர்களில் ஏறத்தாழ பாதியில் தலித்துகளால் அங்கே பால் ஊற்ற முடியவில்லை.

இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். சாலை போட்டால் வறுமை குறையும், சரி. அந்தச் சாலையில் பால் கேனோடு போகிறவரின் பாலை சொசைட்டியில் அளப்பார்களா? மாடு இருக்கிறது, கறவை இருக்கிறது, சாலையும் வந்துவிட்டது. வாங்கத்தான் ஆள் இல்லை. இது வேளாண் பொருளாதாரம் இல்லையென்றால் வேறு எது?

பாகுபாடு காட்டுகிறவனுக்கு நட்டம், போட்டிச் சந்தை அவனை வெளியேற்றிவிடும் என்ற வாதம் கேரி பெக்கரின் 1957 நூலிலிருந்து வருகிறது. பாலை மறுக்கிற சங்கத்துக்கும் நட்டம்தான். ஆனாலும் மறுக்கிறது. ஏன்? ஜார்ஜ் அகர்லாஃப் 1976-இல் ஒரு விடை சொன்னார்: சாதி விதியை மீறுகிறவரை மற்றவர்கள் ஒதுக்கிவைப்பார்கள், அந்த இழப்பு லாபத்தைவிடப் பெரிது. சாதிய ஒதுக்கத்துக்குச் சந்தையில் என்ன விலை என்று தோரட் கேட்பது இந்த இடத்திலிருந்துதான். இவர்களோடு அம்பேத்கரையும் பொருளாதார அறிஞராக வைத்துப் படிக்கிறார். நம் பாடத்திட்டங்கள் செய்யாத வேலை அது. அம்பேத்கர் சிறு நில உடைமை பற்றி 1918-இலேயே எழுதியவர் என்பது வேளாண் பொருளாதாரம் படிக்கிற எத்தனை பேருக்குத் தெரியும்?

பால் அட்வெலோடு சேர்ந்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு நகரத்து வேலைச் சந்தை பற்றியது. ஒரே தகுதி, வேறு வேறு பெயர்கள், 4,808 விண்ணப்பங்கள். தலித் பெயர்களுக்கும் முஸ்லிம் பெயர்களுக்கும் அழைப்பு குறைவாகவே வந்தது. 'கிராமத்தை விட்டு வெளியேறினால் சரியாகிவிடும்' என்பவர்களுக்கு அதைக் கொடுங்கள்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பில் பட்டியல் சாதியினர் கையிலிருந்த சாகுபடிப் பரப்பு சுமார் 8.6 விழுக்காடு. 2011 மக்கள்தொகையில் அவர்கள் பங்கு 16.6. இந்த இடைவெளியை 'சமூகப் பிரிவு' என்று கடைசி அட்டவணையில் ஒரு வரியாகப் போட்டுவிட்டு நகர்கிறோம். அடுத்த மாதம் களத்துக்குப் போகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். வினாத்தாளில் 'என்ன விலைக்கு விற்றீர்கள்' என்று இருக்கும். அதற்கு முன்னால் 'வாங்க மறுத்தவர் உண்டா, யார்' என்று ஒரு கேள்வி சேருங்கள். நேர்காணலைப் பண்ணையார் வீட்டுத் திண்ணையில் மட்டும் வைக்காதீர்கள், அங்கே இதற்குப் பதில் கிடைக்காது.

கேள்விகளுக்கு வருவோம்.