நாம் வாழும் வெள்ளவத்தை
(பழைய மாணவிகள் சங்கக் கொழும்புக் கிளையின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்கள் கல்லூரி நூறு ஆண்டுகளாக யாழ்ப்பாண மண்ணில் நிற்கிறது. அங்கே படித்த எங்களில் பலர் இன்று வெள்ளவத்தை ஒழுங்கைகளில் வாழ்கிறோம். கல்லூரியின் கதையில் இந்த ஊருக்கும் ஒரு பங்குண்டு.

சிங்களத்தில் 'வெல்ல' மணல், 'வத்த' தோட்டம். பெயருக்கேற்ப இது கடலோரத்து மணல் தோட்டமாகவே இருந்தது. 1870களில் கரையோரப் புகையிரதப் பாதை வந்தபின் கோட்டைக் கந்தோர்களுக்குப் போய்வருவது இலகுவாயிற்று. வாய்க்காற் பக்கத்தில் நூற்பு நெசவு ஆலை எழுந்தது. சிங்களவரும் பறங்கியரும் முஸ்லிம்களும் தமிழரும் அயலவராயினர். 1956இன் மொழிச் சட்டத்துக்குப் பின் பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் போயினர். யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மாரும் ஆசிரியர்களும் வந்து குடியேறினர். சைவ மங்கையர் கழகமும் இராமகிருஷ்ண மிஷனும் 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அவர்களுக்குத் துணையாயின.

முதன்முதலாக வேலைக்கு வந்த எங்களுக்கு இங்கே கிடைத்தது ஓர் அறையும் ஒரு வீட்டுக்கார அம்மாவும். விறாந்தை, மதிலோரம் முருங்கை, பின்வளவிற் கறிவேப்பிலை. கறி மதிலுக்கு மேலால் கைமாறும். யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று ஒழுங்கை முழுவதும் அறியும்.

1983 ஜூலையில் அந்த வீடுகள் எரிந்தன. எங்களிற் சிலரைச் சிங்கள அயலவர் தங்கள் அறைகளுக்குள் ஒளித்துக் காத்தனர். அகதி முகாம்களிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனோம். சிலர் திரும்பி வந்தோம். சிலர் கனடாவுக்கும் லண்டனுக்கும் போயினர். பின்னர் வடக்கின் போர் இன்னொரு கூட்டத்தை இங்கே கொண்டுவந்தது. விசாவுக்காகவும் வைத்தியத்துக்காகவும் விடுதிகளில் மாதக்கணக்கிற் காத்திருந்தோம். பொலிஸ் பதிவுத் துண்டைக் கைப்பையில் வைத்துத் திரிந்தோம். 2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு விடுதிகளிலிருந்த நூற்றுக்கணக்கான தமிழர் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

இன்று நெசவாலை நின்ற காணியில் ஹெவ்லொக் சிற்றி வானளாவி நிற்கிறது. ஒரு குடும்பம் இருந்த வளவில் இருபது குடும்பங்கள் வாழ்கின்றன. தொடர்மாடியைக் குறைசொல்ல மாட்டோம். வீடிழந்த பலருக்கு அதுவே பாதுகாப்பான கூரையாயிற்று. ஆனால் மதில் இருந்த காலத்தில் எட்டிப் பார்த்த நாங்கள், சுவர் ஒன்றே இடையில் இருக்கும்போது அடுத்த வீட்டாரின் பெயரையும் அறியோம். பிள்ளைகள் வெளிநாட்டில், ஆறாம் மாடியில் தாய் தனியே. லிப்ற் பழுதானால் அவருக்கு மருந்து வாங்கிக் கொடுக்கவும் ஆளில்லை. அந்தத் தாய்மாருள் எங்கள் அக்காமாரும் இருக்கிறார்கள்.

ஆகவே நூற்றாண்டின் பேரில் இரண்டு காரியங்களைக் கேட்கிறோம். தனியே வாழும் மூத்த மாணவிகளை ஒழுங்கைவாரியாகக் கண்டறிந்து, ஒவ்வொருவருக்கும் அருகிலிருக்கும் இரு தங்கைமாரைப் பொறுப்பாக்குவோம். கிழமைக்கொருமுறை அவர்கள் கதவைத் தட்டட்டும். போகும்போது ஒரு கொப்பியும் கொண்டுபோகட்டும். எந்த வீட்டில் இருந்தோம், யார் அயலவர், 1983இல் யார் கதவு திறந்தார்கள் என்பதை அக்காமார் சொல்லச் சொல்ல எழுதட்டும். வீடுகள் போய்விட்டன, அவற்றை அறிந்தவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள்.