பின்தங்கும் பயிற்சி மருத்துவர்: யாருடைய பொறுப்பு?
(அறக்கட்டளைச் சொற்பொழிவு, கழக்கூட்டம்)



இங்கிருந்து ஸ்ரீகார்யம், உள்ளூர் வழியாகப் போனால் 1951இல் தொடங்கிய திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி. கேரளத்தில் முதலாவது அது. எந்தக் கல்லூரியிலும் புதிதாக டூட்டிக்கு வரும் ஹவுஸ் சர்ஜன்களிலும் பிஜி எனப்படும் முதுநிலை மாணவர்களிலும் சிலர் தடுமாறத்தான் செய்வார்கள். அவர்களை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

"அந்தப் பையன் வீக்" என்ற பேச்சு, அவன் அடுத்த யூனிட்டுக்குப் போகும் முன்பே அங்கே போய்விடுகிறது. எதில் வீக் என்று கேட்டால் பதில் வராது.

லண்டனில் முதுநிலை மருத்துவப் பயிற்சிக்குப் பொறுப்பு வகித்த எலிசபெத் பைஸ், சிக்கலில் இருக்கும் பயிற்சி மருத்துவரின் முன்னறிகுறிகளைத் தொகுத்திருக்கிறார்: வார்டில் அடிக்கடி ஆளைக் காணோம், வேலை இழுக்கிறது, பிறர்மேல் எரிந்து விழுகிறார், நர்ஸ்கள் அவரை விட்டுவிட்டு வேறு டாக்டரைக் கூப்பிடுகிறார்கள். இந்தக் கடைசி அறிகுறி வார்டு சிஸ்டருக்குத்தான் முதலில் தெரியும். நாமோ சிஸ்டரிடம் கேட்பதே இல்லை.

காரணம் பல. வெளிமாநிலத்திலிருந்து வந்த பிஜிக்கு நோயாளி பேசும் மலையாளம் பாதிதான் புரிந்திருக்கும். கேஸ் ஷீட் அரைகுறையாக இருப்பது அதனாலேயே இருக்கலாம். உடல்நலக் குறைவோ மனச்சோர்வோ இருக்கலாம். பெரும்பாலும் தூக்கமே இருப்பதில்லை. பயிற்சி மருத்துவருக்கு வாரம் 48 மணி நேர வேலை என்று மத்திய அரசு 1992இலேயே சொல்லிவிட்டது. 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் மனநலப் பணிக்குழு, 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைக்க வேண்டியிருந்தது! விடிய விடிய விழித்தவர் டோஸ் கணக்கில் தவறினால் அதைத் திறமைக் குறைவென்று எழுதுவது நியாயமா? 1984இல் நியூயார்க் மருத்துவமனையில், நீண்ட நேரம் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர்களின் கவனிப்பில் லிபி சயான் என்ற இளம்பெண் இறந்த பிறகு, அந்த மாநிலத்தில் வாரம் 80 மணி நேர வரம்பு வந்தது. மூத்த மருத்துவர் உடனிருந்து கண்காணிக்க வேண்டும் என்ற விதியும் அதோடுதான் வந்தது. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது.

மூச்சுத்திணறலோடு வந்த முதியவரை ஒரு பிஜி பரிசோதிப்பதைப் பத்து நிமிடம் ஓரமாக நின்று பாருங்கள். கேள்விகள் சரியாகவே இருக்கும். ஆனால் ஸ்டெதாஸ்கோப்பைச் சட்டைமேல் வைத்து, நெஞ்சோடு நிறுத்திக்கொள்வார். நுரையீரலின் அடியில் இருக்கும் கிரெப்ஸ் என்ற நொறுநொறுப்பு ஒலி காதுக்கு எட்டாது. இவரிடம் "நல்லா படிம்மா" என்று சொல்லி என்ன பயன்? "உட்காரவெச்சு முதுகுல கேளு. வெள்ளிக்கிழமை அடுத்த கேஸுக்கு நான் கூட நிக்கறேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி வெள்ளிக்கிழமை போய் நில்லுங்கள். 2019 எம்பிபிஎஸ் பாடத்திட்டம், மாணவர் செய்த பயிற்சியைப் பதியும் லாக்புக்கைக் கட்டாயமாக்கியது. பார்க்காமலேயே மொத்தமாகக் கையெழுத்துப் போடுவதை அதனால் தடுக்க முடியவில்லை.

ஒவ்வொரு துறையிலும், மதிப்பெண் போடும் அதிகாரம் இல்லாத ஒரு மூத்தவரைத் தடுமாறுபவர்களுக்கென்று ஒதுக்குங்கள். பேசியதையும் அடுத்து பார்க்கும் தேதியையும் எழுதி இருவரும் கையெழுத்திடட்டும். அதற்குப் பிறகும் தேறாதவர் இருப்பார். அவரைத் தனியாக டூட்டியில் விடாமல் பயிற்சிக் காலத்தை நீட்டுவதுதான் நோயாளிக்கும் அவருக்கும் நல்லது. ஏன் நீட்டுகிறோம் என்பதை அவர் முகம் பார்த்து நாமே சொல்ல வேண்டும்.