பன்னிரண்டு எண்ணும் நமக்குத் தெரிஞ்சிருக்கணும்

(ஆயக்குடியில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது)



போன மாசம் நம்ம உறுப்பினர் ஒருவரின் கடன் விண்ணப்பம் நின்னு போச்சு. ஆதார் எண்ணைப் பதிந்ததும் கம்ப்யூட்டர் ‘தவறான எண்’ என்று காட்டியது. “அப்போ என் கார்டு போலியா அக்கா?” என்று அவர் அழுதே விட்டார். பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். 69 என்பதை 96 என்று மாற்றி எழுதியது நாங்கள்தான்!

கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிந்தது? ஆதாரில் 12 எண்கள். முதல் எண் 0 அல்லது 1 ஆக இருக்காது. முதல் 11 எண்ணும் குலுக்கல் மாதிரி வருவது. கடைசி எண் மட்டும் அந்தப் பதினொன்றையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. ஒரு எண் தப்பினாலும், பக்கத்துப் பக்கத்து எண் இடம் மாறினாலும் கணக்கு உதைக்கும். கடைசி எண்தான் காவல்காரன். ஆனால் வேறொருவர் எண்ணை முழுசா எழுதிவிட்டால் இந்தக் காவல்காரனுக்குத் தெரியாது. அதனால் பெயரையும் சேர்த்துப் பார்க்கணும்.

“என் சாதி, ஊர் எல்லாம் இந்த நம்பர்ல இருக்கா?” என்று சிலர் கேட்கிறீர்கள். இல்லவே இல்லை. சாதி, மதம், ஊர், வயசு எதுவும் எண்ணில் கிடையாது. இலங்கை அடையாள அட்டை வேறு மாதிரி. அங்கே பிறந்த வருஷமும், அது அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பதும் எண்ணிலேயே இருக்கும். பெண்களுக்கு நாளோடு 500 கூட்டுவார்கள். 1975 ஜனவரி 10-ல் பிறந்த பெண்ணின் பழைய எண் 75510 என்று தொடங்கும். எண்ணைப் பார்த்தே வயசு சொல்லிடலாம்!

இன்னொன்று. ஆதார் குடியுரிமைச் சான்று அல்ல. நாம் இன்னார் என்று காட்டுவது மட்டுமே.

எண் ஒன்றும் சொல்லாது என்பதற்காகக் கேட்டவருக்கெல்லாம் ஜெராக்ஸ் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் எதற்கு என்று அதிலேயே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். கடைசி 4 எண் மட்டும் தெரியும் ஆதார் நகலும் எடுக்கலாம். போனில் வரும் ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள். சந்தேகம் என்றால் 1947-க்குப் போன் பண்ணுங்கள். சுதந்திரம் கிடைத்த வருஷம், மறக்காது.

இனிப் பதிவேட்டில் எழுதும்போது நாலு நாலாகப் பிரித்து எழுதுவோம். கார்டுக்கு உரியவரே பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்கட்டும். கைநாட்டு வைத்த நாம் கையெழுத்துப் போடக் கற்றோமே, இது முடியாதா?