வீட்டில் இல்லாதவரின் படம்

மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் மண்ணில் உட்கார்ந்து என் மூக்குக் கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளைகளே!

‘உலகக் குடும்பப் படங்கள்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நேற்று இரவு இதே திடலில் இரண்டு மூங்கிலை நட்டு, வெள்ளைத் துணி கட்டி, ‘கூழாங்கல்’ படம் போட்டோம். ஜமுனாமரத்தூர் மலைக்காற்று சும்மா விடுமா? துணி புடைத்துப் புடைத்து அடங்கியது. அப்பன் முகம் ஒரு பக்கம் வீங்கியது, மகன் மடிப்புக்குள் ஒளிந்துகொண்டான். ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை. கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு ஆயா சத்தமாகக் கேட்டார்: “அந்தப் புள்ளையோட அம்மா எங்கப்பா?”

நான் எழுதி வைத்திருந்த பேச்சை மடித்துப் பையில் போட்டுவிட்டேன். அந்தக் கேள்வியைப் பற்றியே பேசுகிறேன்.

வினோத்ராஜ் எடுத்த படம் அது. 2021-ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. கதை என்ன? குடிகார அப்பன் பள்ளிக்கூடத்திலிருந்து மகனை இழுத்துக்கொண்டு, கோபித்துப் போன மனைவியைத் தேடிப் போகிறான். திரும்பும்போது தகிக்கும் வெயிலில் நடை. இயக்குநரின் உடன்பிறந்தவர் புருஷன் வீட்டிலிருந்து விரட்டப்பட்டு, கைக்குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்து வந்தாராம். அந்த நடைதான் படமானது. தாகம் தெரியாமலிருக்கப் பையன் ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். வீட்டுக்கு வந்து அதை எடுத்து வைக்கிறான் பாருங்கள், அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் கல் கிடக்கிறது. இந்த நடை முதல் நடை இல்லை என்பதை ஒரு வசனமும் இல்லாமல் அந்தக் குவியல் சொல்லிவிடுகிறது.

நம் பழைய குடும்பப் படங்கள் வேறு மாதிரி. எல்லோரையும் கூடத்தில் கூட்டி வைத்துப் பேச வைக்கும். எனக்கும் பிடிக்கும், மறுக்கவில்லை. 1986-ல் விசு எடுத்த ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தில் ஒரே வீட்டுக்குள் கோடு போட்டுப் பிரிப்பார்கள். கடைசியில் சமாதானமான பிறகும், மூத்த மருமகள் தனிக்குடித்தனம்தான் என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறாள். அந்த முடிவுக்காகவே விசுவுக்கு ஒரு கும்பிடு.

ஆனால் ஜப்பானில் ஓஸு என்றொருவர் இருந்தார். 1953-ல் ‘டோக்கியோ ஸ்டோரி’ எடுத்தார். வெளியூர்க் கிழவனும் கிழவியும் பட்டணத்துப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். மகள் அழகு நிலையம் நடத்துகிறாள். அவள் புருஷன் மாமனார் மாமியாருக்கென்று கேக் வாங்கி வருகிறான். இவ்வளவு விலையில் எதற்கு, சாதா பிஸ்கட் போதாதா என்கிறாள் பெற்ற மகள். இது எந்த ஊரில் நடக்காது, சொல்லுங்கள்? தாய் செத்த பிறகு, சாப்பாட்டுப் பந்தியிலேயே, அம்மாவின் இந்தத் துணி எனக்கு, அந்தத் துணி எனக்கு என்று கேட்கிறவளும் அவளே. அந்தக் கிழவர்களுக்காகத் தன் வேலைக்கு லீவு போட்டவள் ஒருத்திதான்: போரில் செத்துப்போன மகனின் மனைவி நொரிக்கோ. அவள் அறையில் அவன் புகைப்படம் மட்டும் இருக்கிறது. இல்லாத அந்த மகன்தான் அந்தக் குடும்பத்தின் கடைசி நூல்.

இனி உங்களிடம் வருகிறேன். சாமை அறுத்துப் புளி உலுக்கி முடிந்ததும் இந்த மலையில் எத்தனை வீட்டில் ஆம்பிளை இல்லை? கூலிக்கு வெளியூர் போனவர்களில் சிலர் திரும்பவே இல்லை: 2015 ஏப்ரல் 7. சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 பேரை ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் இந்த மலையையும் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். பத்திரிகையில் வந்ததெல்லாம் எண்ணிக்கை. அந்த வீட்டுத் திண்ணையில் மறுநாள் யார் உட்கார்ந்திருந்தார்கள், சாயங்காலம் அடுப்பு எரிந்ததா, பிள்ளைக்கு என்ன சொன்னார்கள்? அதைச் சொல்லும் படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

அழுகைக் கதை மட்டும்தான் படமாகும் என்று எண்ண வேண்டாம். புலியூர் ஸ்ரீபதியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிரசவமான சில நாளில் பச்சை உடம்போடு வண்டியில் சென்னைக்குப் போய் சிவில் நீதிபதித் தேர்வு எழுதி ஜெயித்த மலைப்பெண். அந்த வண்டிக்குள் அவர் இருந்த அத்தனை மணி நேரம் போதுமே, ஒரு முழுப்படத்துக்கு!

படம் எடுக்கக் கருவி எங்கே என்பீர்கள். இதே மலையில் காவலூரில் 1986-லிருந்து 2.34 மீட்டர் தொலைநோக்கி நட்சத்திரம் பார்க்கிறது. நல்லது, பார்க்கட்டும். பக்கத்து வீட்டைப் பார்க்க அது வேண்டாம், உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனே போதும். நாயகன் வேண்டாம், பாட்டு வேண்டாம். ஆயாவிடம் கேளுங்கள், இந்த வீட்டில் இப்போது யார் இல்லை என்று. அவர் பதில் சொல்லும்போது கையை ஆட்டாமல் போனைப் பிடியுங்கள். பத்து நிமிடம் எடுத்தால் போதும்.

அடுத்த கோடையில் எடுத்து வாருங்கள். இதே திடல், இதே மூங்கில். காற்றுக்கு அசையாத திரைக்கு நான் பொறுப்பு.